அன்புள்ள வீட்டில் நீதிக்கு என்ன வேலை?

கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி, நீண்ட காலச் சண்டைக்குப் பிறகு வீட்டுவேலையை இப்படிப் பிரித்துக்கொண்டார்கள்: மாடி மனைவிக்கு, கீழ்த்தளம் கணவனுக்கு. மாடியில்தான் சமையலறை, சாப்பாட்டு அறை, கூடம், படுக்கையறைகள், குளியலறைகள் எல்லாம் இருந்தன. கீழே கார் நிறுத்தும் இடமும் தட்டுமுட்டுச் சாமான்களும். வளர்ப்பு நாயும் கணவன் பொறுப்பு. இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். நான்கு வயதில் ஒரு மகன். வேலையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறோம் என்றுதான் மனைவி தன்னைப் பேட்டிகண்ட சமூகவியலாளரிடம் சொன்னார்.

அந்தச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட். நான்சி, ஈவன் என்ற மாற்றுப் பெயர்களில் இவர்கள் கதையை 1989-ல் வெளிவந்த ‘தி செகண்ட் ஷிஃப்ட்’ நூலில் விரிவாக எழுதினார். நான்சி பொய் சொல்லவில்லை. முறைவைத்துச் சமைக்கலாம் என்று முதலில் கேட்டுப் பார்த்தார். திங்கள் தான், செவ்வாய் ஈவன். ஈவனின் முறை வந்தபோது அது மறந்துபோனது. விவாகரத்துவரை யோசித்த நான்சி, குடும்பத்தைக் கலைக்க மனம் வராமல் மாடி-கீழ் ஏற்பாட்டுக்கு இறங்கிவந்தார். அதைச் சமத்துவம் என்று நம்பினால்தான் அந்தத் திருமணத்துக்குள் மனக்கசப்பு இல்லாமல் இருக்க முடியும். அலுவலக நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டவரும் அவரே.

இந்த வீட்டில் அன்பு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆகவேதான் இது யார் எத்தனை பாத்திரம் கழுவினார்கள் என்ற கணக்கோடு நிற்காமல் தத்துவக் கேள்வியாகிறது. “புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னப்பா கணக்கு?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு வாதத்தைத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1751-லேயே எழுதியிருக்கிறார். பற்றாக்குறையும் சுயநலமும் இருக்கும் இடத்தில்தான் நீதிக்குப் பயன் உண்டு. பாசம் நிறைந்த இடத்தில் எனது, உனது என்ற வேலியே தேவைப்படாது என்றார். அதற்கு நெருங்கி வரும் உதாரணமாகக் கணவன் மனைவி உறவைக் காட்டினார். 1982-ல் அரசியல் தத்துவவாதி மைக்கேல் சாண்டல் இன்னும் ஓர் அடி முன்னே போனார். பாசத்தால் நடக்கிற குடும்பத்துக்குள் நீதிப் பேச்சு நுழைவது முன்னேற்றமாக இருக்க வேண்டியதில்லை, அதைவிட உயர்ந்த ஒன்று அங்கே பட்டுப்போனதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பது அவர் கவலை.

கவலையில் நியாயம் இருக்கிறது. நிமிடக் கணக்கு எழுதிக்கொண்டு எந்தத் தம்பதியும் வாழ்ந்துவிட முடியாது. காய்ச்சலில் படுத்தவருக்குக் கஞ்சி வைக்கும்போது அது யார் முறை என்று கேட்கிற வீடு, வீடாக இருக்காது.

ஆனால் ஹோக்‌ஷில்டின் புத்தகம் வந்த அதே 1989-ல், சூசன் மோலர் ஓகின் என்ற அரசியல் தத்துவவாதி சாண்டலுக்குப் பதில் சொன்னார். அன்பு நீதியைத் தாண்டிப் போகலாம், தாராளமாகப் போகட்டும். நீதிக்குக் கீழே இறங்குவதற்கு அன்பைச் சாக்காக வைக்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். நீதிக் கோட்பாட்டில் புகழ்பெற்ற ஜான் ரால்ஸையும் அவர் விடவில்லை. சமூகத்தில் நாம் பணக்காரராக இருப்போமா, ஏழையாக இருப்போமா என்று தெரியாத நிலையில் எந்த விதிகளுக்குச் சம்மதிப்போமோ, அவையே நியாயமான விதிகள் என்று ரால்ஸ் 1971-ல் எழுதியிருந்தார். அப்படிச் சம்மதம் சொல்கிறவர்களை அவர் குடும்பத் தலைவர்களாகக் கருதினார். குடும்பத்துக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அங்கே எழவில்லை. ஆணாகப் பிறப்போமா, பெண்ணாகப் பிறப்போமா என்பதும் தெரியாது என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள் என்றார் ஓகின். அப்படி யோசித்தால் அந்த மாடி-கீழ் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

பெண் வீட்டோடு இருப்பதால்தான் இந்த ஏற்றத்தாழ்வு, அவளும் சம்பாதிக்கத் தொடங்கினால் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. டால்காட் பார்சன்ஸ் போன்ற சமூகவியலாளர்கள் 1950-களில், வெளியுலகம் கணவனுக்கு, உணர்வும் பராமரிப்பும் மனைவிக்கு என்று பிரிவது குடும்பம் நிலைக்க உதவும் ஏற்பாடு என்றே விளக்கினார்கள். ஆனால் லண்டனில் 40 இல்லத்தரசிகளைப் பேட்டிகண்டு ஆன் ஓக்லி 1974-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய வேலை வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் என்று தெரியவந்தது. அதற்குச் சம்பளமில்லை, வார விடுமுறையும் இல்லை. சரி, சம்பாதிக்கிற பெண்களுக்கு? ஹோக்‌ஷில்ட் சந்தித்த தம்பதிகளில், மனைவியைவிடக் குறைவாகச் சம்பாதித்த கணவர்களில் ஒருவர்கூட வீட்டுவேலையைச் சமமாகப் பகிரவில்லை. வருமானத்தில் இழந்த கௌரவத்தை வீட்டுவேலையிலிருந்து விலகி ஈடுகட்டுவதாக அவர் விளக்கினார். பிற்கால ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஆனால் பணம் மட்டுமே வேலையைப் பங்கிட்டுவிடாது என்பது நிலைபெற்றுவிட்டது.

நன்றியும் இதில் கணக்காகிறது. ஒருநாள் சாதம் வடித்த கணவனை அக்கம்பக்கம் மெச்சுகிறது, மாமியார் கண்கலங்குகிறார். மற்ற நாளெல்லாம் வடித்தவளுக்கு அது கடமை. ‘மற்ற ஆண்களைப் பார்க்கும்போது இவர் எவ்வளவோ தேவலை’ என்று மனைவி நன்றிக்கடன் படுகிறாள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறாள். அன்பின் பேரால் அநீதி உள்ளே வரும் வழி இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னொன்று. அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட கட்டுரை, வீட்டுக்காக யோசிப்பதையே ஓர் உழைப்பாகப் பிரித்துக் காட்டியது. தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. முடிவெடுக்கும்போது கணவனும் கூட இருக்கிறான். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் மனைவி தலையில். நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. நாளைக் காலை இட்லி என்றால், இன்று மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஊறியாக வேண்டும். சாயங்காலம் அரைத்து உப்புப் போட்டுக் கரைத்து வைக்க வேண்டும். மழை நாளென்றால் மாவு பொங்குமா என்று எட்டிப் பார்க்க வேண்டும். காலையில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுகிற கணவன் உண்மையாகவே வேலை செய்கிறான். ஆனால் முந்தின நாள் முழுக்க அந்த இட்லியை மனத்தில் சுமந்தவள் வேறொருத்தி.

வள்ளுவரும் இல்வாழ்க்கைக்கு அன்பு போதும் என்று விட்டுவிடவில்லை. ஒரே குறளில் அறத்தையும் பக்கத்தில் வைத்தார். அடுத்த அதிகாரத்தில் வாழ்க்கைத்துணையின் கடமைகளை அவர் பட்டியலிடுவதோ மனைவிக்குத்தான். அந்த அறத்தைக் கணவன் பக்கமும் நீட்டுவது பின்னால் வந்த நமது பொறுப்பு.

ஓகின் நடைமுறைக்கு ஒரு யோசனையும் தந்தார்: ஒருவர் சம்பாதித்து மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தில், நிறுவனமே சம்பளத்தைச் சரிபாதியாக்கி இருவர் பெயரிலும் காசோலை தரட்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சவுதி அரேபியாவில் சம்பாதித்த காலத்தில் வாங்கிய சொத்துகளில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தபோது, வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட அவர் உழைப்பையும் அந்தச் சம்பாத்தியத்தின் பங்காகக் கணக்கிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இரண்டுமே வரவேற்க வேண்டியவை. ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. கணவனின் நேரத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை. 2019-ல் நடந்த அகில இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024-ல் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை: அவர்களுடைய நேரமும் 88 நிமிடமாகக் குறைந்திருக்கிறது.