துடிப்பை அறியும் அளவை

தமிழில் ‘அளவை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. படி, நாழி, முழம் எல்லாம் அளவைகள். ஒன்றை உண்மையென்று அறிந்துகொள்ளும் வழியும் அளவைதான். வடமொழியார் அதைப் பிரமாணம் என்பர். ஓடுபவர்கள் மார்பிலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்ளும் இதயத் துடிப்பு மானி இந்த இரண்டு பொருளிலும் அளவை. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று அது எண்ணுகிறது. அந்த எண்ணின் வழியே ஒருவர் தம் உடலை அறிகிறார். எனவே ஓட்டத்துக்கும் அவ்வப்போது ஓட்டும் சைக்கிளுக்கும் எந்த மானி ஏற்றது என்று முடிவு செய்பவர், எந்த வழியில் வரும் அறிவை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

இந்தக் கேள்வியைச் சைவ சித்தாந்தம் முறையாக எடுத்துப் பேசியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவைகளைப் பற்றிப் பேசுகிறது. பிறர் சொல்லும் அளவைகள் பத்தையும் எண்ணிக் காட்டி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. நேரே அறிவது காண்டல். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று கொள்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லை ஏற்பது உரை. காண்டலும் நான்கு வகைப்படும். அவற்றுள் ஒன்று தன்வேதனைக் காட்சி: உயிர் தன் இன்ப துன்பங்களைத் தானே உணர்வது. காட்சியைக் கெடுக்கும் குற்றங்களாக ஐயமும் திரிபும் சொல்லப்படுகின்றன. தொலைவில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறுவது ஐயம்; கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. மெய்ப்பொருளை அறிய வகுத்த இந்தப் பாகுபாடு ஒரு விளையாட்டுக் கருவியை எடைபோடவும் நன்றாகவே உதவுகிறது. அறிவு எந்த இடத்தில் வழுக்கும் என்பதுதான் இரண்டிலும் ஆராயப்படுவது.

மார்புப் பட்டை இதயத்துக்கு மிக அருகில் நின்று கேட்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இதயத் தசையில் மின் அலை ஒன்று பரவுகிறது. பட்டையின் உட்புறத்தில் உள்ள மின்வாய்கள் தோலின் மேல் அந்த அலையை உணர்ந்து, அதன் கூர்முனைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கின்றன. நெதர்லாந்தின் லைடனில் வில்லெம் ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்த அதே இதய மின்னோட்டம் இது; அதற்காக 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கருவிக்கு நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர் நிரப்பிய பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்று பட்டையைக் கட்டுமுன் தண்ணீரால் நனைக்கச் சொல்வதும் அதே காரணத்தால்தான்: உலர்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் விடாது. சிறிது தூரம் ஓடியபின் வியர்வையே உப்பு நீராகிவிடுகிறது. கம்பியில்லாத மானியை 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்தது பின்லாந்தின் போலார் நிறுவனம். பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சியை மனதில் வைத்துப் பிறந்த கருவி அது.

கைக்கடிகார மானி வேறு வகை. அதன் அடியில் பச்சை ஒளி எரிகிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு தோலடி நுண்குழாய்களில் இரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து நாடியையும், நாடியிலிருந்து இதயத்தையும் கடிகாரம் கணிக்கிறது. சித்த வைத்தியரும் மணிக்கட்டில்தான் நாடி பார்க்கிறார் என்பதால் இரண்டும் ஒன்றென்று தோன்றலாம்; ஒன்றல்ல. வைத்தியரின் மூன்று விரல்கள் உள்ளங்கைப் பக்கமுள்ள தமனியின் மேல் அமர்ந்து வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நடையைப் பார்க்கின்றன. கடிகாரம் உட்கார்ந்திருப்பது புறங்கைப் பக்கம். அங்கே பெரிய தமனி எதுவும் தோலை ஒட்டி ஓடுவதில்லை.

கண்டிப்பாகப் பார்த்தால் இரண்டு கருவிகளுமே கருதல்தான். மின் அலையும் ஓர் அடையாளமே, புகை போல. ஆனால் பட்டை பார்ப்பது அடுப்பின் மேலேயே எழும் புகையை. கடிகாரம் பார்ப்பது தெருக்கோடி வரை வந்து, காற்றில் கலைந்த புகையை. அந்தக் காற்றுதான் கையின் அசைவு.

ஓடும்போது கை ஒரே தாளத்தில் வீசுகிறது. ஒவ்வொரு வீச்சிலும் இரத்தம் குலுங்குகிறது. கடிகாரமும் தோலை விட்டுச் சற்று விலகி மீண்டும் படிகிறது. ஒளியில் இதனாலும் ஏற்ற இறக்கம் வரும். நல்ல வேகத்தில் ஓடுபவரின் காலடிகள் நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை இருப்பது வழக்கம். கடினமாக ஓடும்போது இதயமும் ஏறக்குறைய அதே எல்லைக்குள் துடிக்கக்கூடும். அதனால் காலடியின் தாளத்தையே இதயத்தின் தாளமாகக் கடிகாரம் எடுத்துக்கொள்வது உண்டு. உண்மைத் துடிப்பு 140 ஆக இருக்க, திரையில் 172 நிலையாக நிற்கும். இது சுத்தமான திரிபு. கயிறு பாம்பாகிவிட்டது, பார்ப்பவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. சைக்கிளில் கை வீச்சு இல்லை என்றாலும் ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பதும், மணிக்கட்டு மடிவதும், சாலையின் அதிர்வும் ஒளியைக் குலைக்கின்றன. அங்கே எண் தாவும், மறையும், தாமதமாக வரும். அது ஐயம். குளிரில் தோலின் இரத்த ஓட்டம் குறைவதும், மணிக்கட்டில் பச்சை குத்தியிருப்பதும் இரண்டு இடத்திலும் சிக்கல் தரும்.

பட்டையும் தவறும். நனைக்காமல் கட்டினால் முதல் சில நிமிடங்களில் நம்ப முடியாத எண்களைக் காட்டும். காற்றில் படபடக்கும் செயற்கை நூல் பனியன் உரசினாலும் அப்படியே. ஆனால் நிதானமாகக் கிளம்பியவருக்கு 220 என்று காட்டும் கருவி தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கிறது. ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம், திரிபைத் திரிபு என்று அறிய இன்னொரு சாட்சி வேண்டும். பட்டையின் மேன்மைக்கு அது துல்லியமானது என்பதோடு இதையும் காரணமாகச் சேர்க்க வேண்டும்.

இனி உரை. எந்தக் கருவியும் வெறும் எண்ணோடு நிற்பதில்லை. அந்த எண் ‘இலேசான’ மண்டலமா ‘கடுமையான’ மண்டலமா என்றும் சொல்கிறது. இதற்கு அடிப்படை ஒருவரின் உச்சத் துடிப்பு. பல கருவிகள் அதை அளப்பதில்லை. 220இலிருந்து வயதைக் கழித்துக்கொள்கின்றன. 1970களின் தொடக்கத்திலிருந்து புழங்கும் இந்தச் சூத்திரம் கடுமையான ஆய்விலிருந்து வந்ததல்ல; அன்று கிடைத்த தரவுகளின் ஊடே தோராயமாக இழுத்த கோடு. 2001இல் தனாக்கா என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கலாம் என்றனர். 40 வயதில் இரண்டு சூத்திரமும் 180 என்றே தரும். 60 வயதில் பழையது 160, புதியது 166. இரண்டாவது மேலானதுதான். ஆனாலும் அது கூட்டத்தின் சராசரி. தனி மனிதர் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு தள்ளி நிற்பது சாதாரணம். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் போன்ற மாத்திரை உட்கொள்பவருக்குச் சூத்திரமே பொருந்தாது. மேலும் ஓட்டத்தில் எட்டும் உச்சத்தைப் பெரும்பாலோர் சைக்கிளில் எட்டுவதில்லை. உடலின் எடையை இருக்கை தாங்குவதும், வேலை செய்யும் தசைகள் குறைவதும் காரணம். ஓட்டத்துக்கு வகுத்த மண்டலங்களைச் சைக்கிளுக்கு அப்படியே வைத்துக்கொள்வது, மெய்யான எண்ணுக்குப் பொய்யான உரை எழுதுவதாகும். இரண்டுக்கும் தனித்தனியே வகுத்துக்கொள்வதே முறை.

கடைசியாக நிற்பது தன்வேதனை. ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க், உழைப்பு எவ்வளவு கடினமாகப் படுகிறது என்பதை உழைப்பவரே சொல்லும்படி 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும் என்பது அதன் அமைப்பு. இந்த உணர்வுக்கும் மானிக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மே மாத வெயிலில் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். உடல் நீரை இழக்கிறது. சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைய, இதயம் எண்ணிக்கையைக் கூட்டிச் சரிக்கட்டுகிறது. வேகம் மாறாதபோது துடிப்பு ஏன் ஏறியது என்று கருவி சொல்லாது. மாறாக, பந்தயத்தின் முதல் கிலோமீட்டரில் உணர்வு ஏமாற்றும். எல்லாம் இலேசாக இருப்பதாகத் தோன்றும்போதே துடிப்பு எல்லை கடந்திருக்கும். பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போன்டி 1945இல் வெளியிட்ட நூலில், பொருளாகப் பார்க்கப்படும் உடலும் வாழப்படும் உடலும் வேறு என்று வற்புறுத்தினார். மானி தருவது முதலாவதைப் பற்றிய செய்தி மட்டுமே. அது இரண்டாவதன் இடத்தில் உட்காரக் கூடாது. அதை அவ்வப்போது கேள்வி கேட்கலாம்.

இவற்றை வைத்துப் பார்த்தால், வேகத்தை மாற்றி மாற்றி ஓடிப் பயிற்சி செய்பவருக்கும் சைக்கிளும் ஓட்டுபவருக்கும் மார்புப் பட்டையே முதல் தேர்வு. புளூடூத், ஆன்ட் பிளஸ் என்ற இரண்டு கம்பியில்லா முறைகளிலும் செய்தி அனுப்பும் பட்டையாக இருந்தால் ஓட்டத்தில் கடிகாரத்தோடும் சைக்கிளில் ஹேண்டில்பார் கணினியோடும் அதுவே பேசும். மின்கலத்தைத் தாமே மாற்றிக்கொள்ள முடிவதும், பட்டையைக் கழற்றித் துவைக்க முடிவதும் பார்க்கவேண்டியவை. மார்பில் இறுக்கமோ உராய்வோ தாங்காதவருக்கு மேற்கையிலோ முன்கையிலோ கட்டும் ஒளி மானி நல்ல மாற்று. அங்கே சதை அதிகம், அசைவு குறைவு. நிதானமாக ஓடுபவருக்குக் கடிகாரமே போதும், மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கமாகக் கட்டினால். எதைக் கட்டியிருந்தாலும், ஓடும்போது நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ இதுவரை இல்லாத மூச்சுத் திணறலோ வந்தால், திரையில் எந்த எண் இருந்தாலும் உடனே நின்றுவிட வேண்டும். தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.