கழிவும் கடமையும்

உலகில் எப்பொருளும் கழிவாகப் பிறப்பதில்லை. மனிதன் தனக்கு வேண்டாததென ஒன்றை விலக்கும் கணத்திலேயே அது கழிவாகின்றது. ஆகவே கழிவு என்பது பொருளின் இயல்பன்று. பொருள்மீது மனிதன் வழங்கும் தீர்ப்பாகும். தீர்ப்பு எனும்போதே அதற்குப் பொறுப்பாளி யார் என்ற அறவியல் வினாவும் உடனெழுகின்றது.

கைத்தொழிற் புரட்சியின் பின் வளர்ந்த பொருளாதாரம் நேர்கோட்டுப் போக்கினது. அகழ்தல், ஆக்கல், நுகர்தல், எறிதல் என்பன அதன் படிகள். இயற்கை வற்றாதது என்ற எண்ணம் இக்கோட்டின் தொடக்கத்திலும், எறிவதற்கு எங்கோ ஒரு 'வெளி' உண்டு என்ற எண்ணம் அதன் முடிவிலும் உறைந்துள்ளன. 1966இல் பூமியை விண்கலத்துக்கு ஒப்பிட்ட பொருளியலறிஞர் கெனத் போல்டிங், அகழ்வதற்கோ எறிவதற்கோ எல்லையற்ற இடம் அதில் இல்லையென எடுத்துக்காட்டினார்.

அந்த 'வெளி' உண்மையில் யாது? 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து குடியிருப்புகளை மூடியது. 30 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரம் 'வெளி' எனக் கருதியது வறியோரின் முற்றமாகவே இருந்தது. எறிபவன் ஒருவன், சுமப்பவன் வேறொருவன் என்னும் இந்நிலை வெறும் சுகாதாரப் பிரச்சினையன்று. அது நீதியின் பிரச்சினையாகும்.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவதே வட்டப் பொருளாதாரம். பொருளை நெடுங்காலம் பயன்படுத்தலும், பழுதுபார்த்தலும், ஒரு தொழிலின் எச்சத்தை மற்றொரு தொழிலின் மூலப்பொருளாக்கலும் அதன் வழிகள். டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரில் மின்நிலையத்தின் நீராவி அயற் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. புகையைச் சுத்திகரித்தபோது கிடைத்த ஜிப்சம் சுவர்ப்பலகை செய்ய உதவியது. ஒருவரின் செலவு குறைந்தது. மற்றவருக்கு மூலப்பொருள் கிட்டியது.

இவ்வழி எமது மண்ணுக்கும் முற்றிலும் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் பனையோலை கூரையாயும் வேலியாயும் பயன்பட்டு, இற்றபின் தோட்டத்து மண்ணிற் புதைந்து பசளையாயிற்று. பின்னர் இரசாயனப் பசளை பெருகியது. சுண்ணாம்புக்கற் படிவின் ஊடாக அது நிலத்தடி நீரைச் சேர, கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்தது.

எனினும் பழமையை இலட்சியமாக்குதல் தவறாகும். அந்தப் பழைய வட்டத்தைச் சுழற்றிய கைகள் யாருடையவை? மரமேறுதலும் துப்புரவுத் தொழிலும் பிறப்பினால் சிலர்மேற் சுமத்தப்பட்டிருந்தன. பொருள் வட்டமாகச் சுழன்றது. மனிதனோ சாதியென்னும் கோட்டுக்குள் நிறுத்தப்பட்டான். இன்றும் குப்பையிலிருந்து போத்தலும் தகரமும் பொறுக்குவோரின் மலிவான உழைப்பின்மீது மீள்சுழற்சி நடைபெறுமாயின், புதிய பெயருடன் பழைய அநீதியே தொடரும்.

மாற்றத்தின் சுமையும் இவ்வாறே ஆராயப்பட வேண்டியது. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மாற்றுப் பசளை போதியளவு ஆயத்தமாயிருக்கவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை கைவிடப்பட்டது. நோக்கம் நன்றாயினும், அதன் விலையை விவசாயியே செலுத்தினான். நன்மையை ஆணையிடுவோர் அதன் இழப்பிலும் பங்கேற்காவிடின் அந்நன்மை அறமாகாது.

இன்னொரு வரம்பும் உண்டு. எந்த மீளாக்கமும் சக்தியைச் செலவிடுகின்றது. எந்தச் சுழற்சியிலும் ஒரு பகுதி சிதறிப் போகின்றது. வெப்பவியக்கவியலின் இவ்வுண்மையை ஜோர்ஜெஸ்கு ரோகன் 1971இல் பொருளியலுக்குள் வலியுறுத்தினார். முற்றாக மூடிய வட்டம் மனிதனுக்கு வாய்ப்பதில்லை. ஆகவே மீள்சுழற்சி அளவற்ற நுகர்வுக்கான பாவமன்னிப்பாக அமைய முடியாது. குறைவாக நுகர்தலே முதற் கடமை. மீளப் பயன்படுத்தல் அதன் பின்னதே.

ஆக, வட்டப் பொருளாதாரம் என்பது தொழில்நுட்பம் பற்றிய வினா மட்டுமன்று. ஆக்குவோன் தன் பண்டத்தின் இறுதிவரை பொறுப்பேற்க வேண்டும். கழிவைக் கையாளும் தொழிலாளிக்கு நியாயமான ஊதியமும் மதிப்பும் உரியன. பொருள்கள் சுழல்வதோடு பொறுப்பும் சுழன்று எறிந்தவனிடமே மீளும்போதுதான் அவ்வட்டம் நீதியின் வட்டமாகும்.