இறங்கும் வழி

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை படுத்திருக்கும். மேற்கே நாகமலை நீண்டு கிடக்கும். தெற்கே திருப்பரங்குன்றம், வடக்கே அழகர்மலை. பனி மூடிய சிகரம் என்று எதுவும் இங்கே கிடையாது. இரண்டு மூன்று கோபுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எட்டிவிடும் உயரம்தான் பல குன்றுகளுக்கு. ஆனாலும் சமணர்கள் மதுரையைச் சுற்றி எண்பெருங்குன்றம் என்று எட்டு மலைகளைப் போற்றி வந்தார்கள்.

மார்கழியும் தையும் எங்கள் நண்பர் குழுவுக்கு மலை மாதங்கள். மாசி பிறந்துவிட்டால் பாறை காயத் தொடங்கும்; பங்குனியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அதனால் குளிர் இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் கிளம்பிவிடுவோம். ஒரு வாரம் கீழக்குயில்குடி, ஒரு வாரம் அரிட்டாபட்டி, ஒரு வாரம் கிடாரிப்பட்டி. குழுவில் மூத்தவர் கீழமாசி வீதியில் வெகுகாலம் பலசரக்குக் கடை நடத்தியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்.

மலை என்றாலே ஏறுவது என்றுதான் மனம் நினைக்கிறது. உச்சி வரை போனீர்களா என்றுதான் கேட்கிறார்கள். பக்தியிலும் நாம் இப்படியே பேசிப் பழகிவிட்டோம். படிப்படியாக உயர்வது, மேல்நிலை அடைவது. இந்தக் குன்றுகளில் திரியத் திரிய எனக்கு அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை என்று தோன்றிவிட்டது. மலை தன் மற்ற பாதியை இறங்குகிறவனுக்கென்று வைத்திருக்கிறது.

கிடாரிப்பட்டியிலிருந்து அழகர்மலைத் தொடரில் ஏறினால் ஒரு பெரிய குகைத்தளம் வரும். ஊரில் அதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். துறவிகள் படுப்பதற்காகப் பாறையிலேயே வெட்டிய படுக்கைகள். தலைமாட்டில் மட்டும் கல் சற்று மேடாக விடப்பட்டிருக்கும். கையால் தடவிப் பார்த்தால் உளியின் சொரசொரப்பு இன்னும் தெரியும். மேலே பாறையின் நெற்றியில் ஒரு காடி ஓடுகிறது. மழைநீர் வழிந்து உள்ளே வராமல் அங்கேயே சொட்டி விழுவதற்காக வெட்டியது. அங்கே ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. மன்னர் பெயர்கள் இல்லை. மதுரைப் பொன்கொல்லர் ஒருவர், உப்பு வணிகர் ஒருவர், கொழு விற்றவர், வெல்லப்பாகு விற்றவர், துணி விற்றவர். கடைவீதி அப்படியே மலையேறி வந்ததுபோல் ஒரே குகையில் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

அண்ணன் முதன்முறை அங்கே வந்தபோது உப்பு வணிகரின் பெயருக்குக் கீழே வெகுநேரம் நின்றார். "நானும் உப்பு வித்தவன்தான்ப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்தக் குகை உச்சியில் இல்லை. இந்த வட்டாரத்துப் படுக்கைகளில் பலவும் அப்படித்தான். மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டுகள் இருக்கின்றன; தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் அவையும் அடங்கும். அவற்றையும் குகைத்தளங்களின் நெற்றியில்தான் வெட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் துறந்தவர்கள் நினைத்திருந்தால் மனிதர் காலடி படாத உயரத்துக்கே போயிருக்கலாம். ஊர்ப்புகை தெரிகிற உயரத்தில் படுத்தார்கள். காலையில் பிச்சைக்குக் கீழே இறங்கினார்கள். நாள்தோறும் இறங்கியாக வேண்டும் என்று தங்கள் துறவுக்குத் தாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். உயரே கண்டது எதுவானாலும் ஓர் இல்லத்தின் வாசலில், ஒரு பெண்மணியின் கைப்பிடிச் சோற்றுக்கு முன்னால் நிற்கும்போதும் அது நிலைக்க வேண்டும். அந்தச் சோதனை மலைமேல் கிடைக்காது.

இறங்குவதன் பாடத்தை என் உடம்பு கற்றுக்கொண்டது யானைமலையில். மூன்று கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கும் ஒற்றைப் பாறை அது. மேலே போகப் போகப் பிடித்துக்கொள்ளச் செடியோ கொடியோ இல்லாத வழுக்குச் சரிவு. ஏறும்போது பயம் தெரியாது. பாறை முகத்துக்கு முன்னால் இருக்கிறது, கை நீட்டினால் தொடலாம். திரும்பி இறங்கத் தொடங்கினால் கண்முன்னே ஒன்றுமில்லை. தூரத்தில் வயல், கண்மாய், நான்குவழிச் சாலையில் ஊரும் லாரிகள். உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. மலையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. அப்படிச் சாய்ந்த நொடியில் பாதம் வழுக்கத் தொடங்கும். அன்று எங்களோடு வந்த நரசிங்கம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: "பின்னால சாயாதீங்க. முழங்காலை லேசா மடக்கி, பாரத்தை முன்னால கொடுங்க. பாறை பிடிச்சுக்கிரும்."

பாரத்தை முன்னால் கொடுத்தேன். பாறை பிடித்துக்கொண்டது. உள்ளங்கால் முழுவதும் கல்லில் பதிந்தது. பயம் எந்தப் பக்கம் சாயச் சொல்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் விழுவது இருக்கிறது என்று கால்கள் புரிந்துகொண்டன.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, உடன் வேலை செய்கிற நண்பர்களோடு குல்மார்க், சோலாங் என்று வடக்கே பனிமலைகளுக்குப் போய் ஸ்னோபோர்டு பழகி வந்தவன். குல்மார்க்கில் கம்பிவட வண்டியிலேயே ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள் என்றான். ஏறுவதில் ஒரு உழைப்பும் இல்லை. போனவர்கள் எல்லோரும் இறங்குவதற்காகவே போகிறார்கள். இரண்டு பாதங்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு வெள்ளைச் சரிவின் விளிம்பில் நிற்கும்போது, அவனுக்கும் உடம்பு பின்னால்தான் சாய்ந்ததாம். பின்காலில் பாரம் ஏறினால் பலகை சொன்னபடி திரும்பாது. பயிற்சி தந்தவர் சொன்னது இரண்டே: பள்ளத்தை நோக்கியிருக்கும் காலில் உன் பாரத்தை வை, போக வேண்டிய இடத்தைப் பார். விழப்போகும் இடத்தைப் பார்த்தால் அங்கேயே போய் விழுவாய், பார்வை போகும் பக்கம் தோளும் இடுப்பும் தாமாகத் திரும்பும் என்றாராம். காஷ்மீரத்துப் பனியும் ஒத்தக்கடைப் பாறையும் ஒரே பாடத்தை வைத்திருக்கின்றன என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் உண்டு. சரணாகதி என்று பெரியவர்கள் சொல்வதை நான் வெகுநாள் கண்ணை மூடிக்கொண்டு கையைக் கட்டி நிற்பதாகக் கற்பனை செய்திருந்தேன். அதில் கண் திறந்திருக்கிறது. முழங்கால் விழிப்பாக இருக்கிறது. பாரம் மட்டும் நம்முடையதாக இல்லை.

யானைமலையிலிருந்து இறங்கி வந்தால் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770-ஆம் ஆண்டையொட்டி அதைக் குடைவித்தார். குடமுழுக்குக்கு முன்பே அவர் காலமாகிவிட, அவர் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பிப் பணியை முடித்தார். அங்கே அமர்ந்து மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்தத் தம்பியை நினைத்துக்கொள்வேன். அண்ணன் கண்ட கனவைக் கையில் வாங்கி, தன் பெயரைப் பின்னால் வைத்து, முடித்துக் கொடுத்தவர். மேலே உச்சி எவ்வளவோ இருக்க, இறைவனுக்கு இடம் பார்த்தது அடிவாரத்தில்.

திருப்பரங்குன்றத்திலும் முருகன் மலையின் அடியில்தான் இருக்கிறான். உச்சியில் காசி விசுவநாதரும் சிக்கந்தர் தர்காவும், மேற்குப் பக்கம் சமணப் படுக்கைகள். இத்தனை பேரின் வேண்டுதலையும் ஒரே பாறை தாங்குகிறது. அந்தக் குன்றைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நேரங்களில் எனக்கு வேண்டியிருப்பது அந்தக் கல்லின் பொறுமைதான்.

இறங்குவது என்றால் மதுரைக்காரனுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அழகர். சித்திரையில் கள்ளர் வேடம் பூண்டு, பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்று, மலையடியிலிருந்து புறப்படுகிறார். இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. நேராக வந்தால் ஒரே இரவில் வந்துவிடலாம். வருவதில்லை. நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். மூன்றுமாவடியில் எதிர்சேவை. தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைச் சாற்றிக்கொள்கிறார். சித்ரா பௌர்ணமியன்று தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் சரி, திறந்துவிட்ட கொஞ்ச நீர் மட்டும் நின்றாலும் சரி, இறங்குவதில் மாற்றமில்லை. மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருகிறார். தவளையாய்ப் போன ஒருவருக்காக இவ்வளவு தூரம்.

குழந்தையிலிருந்தே பார்க்கும் இந்தக் காட்சியை மலைகளுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நான் உள்ளே வாங்கினேன். இறைவன் உயரத்தில் இருக்கிறான், நாம் ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஒரு வழி. நம் ஊர் அதோடு நிற்கவில்லை. அவனே இறங்கி வர வேண்டும், தெருப்புழுதி அவன்மேல் படிய வேண்டும், தோல்பையில் நிரப்பிய தண்ணீரை நாம் அவன்மேல் பீய்ச்ச வேண்டும். ஐப்பசியில் அவரே நூபுரகங்கைக்கு மலையேறித் தைலக்காப்பு கொள்கிறார். ஏற்றமும் அவருக்கு உண்டு. ஆனால் லட்சம் லட்சமாக மக்கள் கூடுவது இறக்கத்துக்குத்தான்.

அரிட்டாபட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளும் சுனைகளும் வல்லூறுகளும் நிறைந்த அந்த இடம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை திரண்டு வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதற்கு முன்பே, 2010-இல், யானைமலையில் சிற்ப நகரம் என்ற திட்டம் எழுந்தபோதும் ஊரார் விடவில்லை. அந்த நாட்களில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முயற்சியில் பசுமை நடை என்ற குழு பிறந்தது. எத்தனையோ பேரை இந்தக் குன்றுகளுக்கு அழைத்துப் போனது. மலையை வணங்கியவர்கள் மலைக்காகக் கீழே வந்து நின்றதை நான் வழிபாட்டின் பகுதியாகவே பார்க்கிறேன்.

இப்போது அண்ணனால் ஏற முடிவதில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். போன தையில் கீழக்குயில்குடிக்குப் புறப்பட்டபோது எங்களுக்கு முன்னே வண்டியில் உட்கார்ந்திருந்தார். சமணமலையடியில் அய்யனார் கோயில், எதிரே தாமரைக்குளம், பக்கத்தில் விழுது இறக்கிய ஆலமரம். மரத்தடியில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளியை இறக்கி வைத்தார். பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம். சித்திரையில் அழகரோடு வருகிறவர்களுக்குக் கடைவாசலில் அவர் கொடுத்துவந்த அதே பக்குவம்.

நாங்கள் மலையில் செட்டிப்பொடவுக் குகையைப் பார்த்துவிட்டுப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனோம். அங்கே வரிசையாக நிற்கும் சமணத் திருமேனிகளுக்குக் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒன்று அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதி செய்வித்தது. இந்த வட்டாரத்தில் பல மலைகளில் அச்சணந்தியின் பெயர் உண்டு. அவர் தாயின் பெயர் இங்கே. மகன் துறவு பூண்டு போன மலைக்குத் தாயும் வந்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு அந்தச் சின்ன எழுத்துகளின் முன்னால் குந்தியிருந்தேன். வெயில் பாறையில் சாய்வாக விழும் நேரத்தில் குழிவுகளில் நிழல் தேங்கி எழுத்துகள் நன்றாகத் தெரியும்.

இறங்கி வந்ததும் அண்ணன் கேட்டார்.

"அந்த அம்மா பேரு இன்னும் தெளிவா இருக்காப்பா?"

"இருக்குண்ணே. காலை வெயில்ல நல்லாத் தெரிஞ்சுச்சு."

"யாரும் கிறுக்கி வைக்கலையே?"

"இல்லண்ணே."

தலையசைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று படிகளில் தடதடவென்று இறங்கி வந்து ஆலமரத்தடியில் மூச்சிரைக்க நின்றது. நான் கையை நீட்டினேன். அண்ணன் டம்ளரை எனக்குத் தரவில்லை.

"பொறுப்பா, முதல்ல அதுகளுக்கு ஊத்து. தண்ணி கொண்டுவராம மேல போயிருக்குக. மேல இன்னும் யாராச்சும் இருக்காகளான்னு கேளு, அவுகளுக்கும் எடுத்து வைப்போம்."