குரலுக்குக் குழலா, குழலுக்குக் குரலா?

இசைக்கருவிகளுள் குழலுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதியை ஏற்றலாம், தளர்த்தி இறக்கலாம். வயலினுக்கும் அவ்வாறே. ஆர்மோனியம் வாசிப்பவர் விரலை வேறொரு கட்டைக்கு நகர்த்தினால் போதும். மூங்கிற்குழலுக்கோ இவ்வசதி இல்லை. எந்த நீளத்தில் அது அறுக்கப்பட்டதோ, எந்தெந்த இடத்தில் துளையிடப்பட்டதோ, அதற்கேற்ற சுருதி அதன் பிறவிக் குணமாக அமைந்துவிடுகிறது. ஊதுபவர் உதட்டின் சாய்வால் சற்றே ஏற்றவோ இறக்கவோ இயலும் என்பது உண்மைதான். ஆயினும் அது மயிரிழை அளவினதே. ஆகவே குழலொன்றைத் தேர்ந்தெடுப்பவர், பின்னர் மாற்றிக்கொள்ள இயலாத ஒன்றையே தேர்ந்தெடுக்கிறார். வாழ்க்கையில் அத்தகைய தேர்வுகள் பல உண்டு. அவற்றுள் இது மிகச் சிறியது. சிறியதாதலின் கூர்ந்து நோக்குதற்கு எளியது.

சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குச் செல்லும் சாலையில் பாரோய் உள்ளது. பால்மரங்களுக்கிடையே லயன் வீடுகளில் வாழ்ந்த தலைமுறையின் மக்களும் பேரமக்களும் இன்று அவ்வட்டாரத்துக் குடியிருப்புகளில் பரவியிருக்கின்றனர். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் உடன் கொண்டுவந்த பொருள்கள் சிலவே. பெரட்டுக்கு எழுப்பும் மணியோசை அங்கேயே நின்றுவிட்டது. மாரியம்மன் கோயிலின் வெள்ளிக்கிழமைப் பாட்டு மட்டும் பல இடங்களில் கூடவே வந்தது.

அத்தகைய ஒரு கோயிலில், இளைஞன் ஒருவன் குழல் பயில்வதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுப் பயிற்சி. கையில் ஐந்து கட்டைக் குழல். வெள்ளிதோறும் பாட்டைத் தொடங்கி நடத்துபவர் அவனுடைய பாட்டி. இளமையில் ஐந்து கட்டையில் கணீரென ஒலித்த அவர் குரல் இப்போது மூன்று கட்டைக்கு இறங்கிவிட்டது. முதுமையில் பெண்களின் குரல் தாழ்வது இயற்கை. பேரன் பாட்டிக்குத் துணையாக ஊத விரும்புகிறான். அதற்கு மூன்று கட்டைக் குழல் வேண்டும். மிக உயர்ந்த விலைக்கு வீட்டில் வழியில்லை. திருவிழாக் கடையில் விற்கும் குழலோ எந்தக் கட்டைக்கும் உரியதன்று. ஆகவே நடுத்தர விலையில், எளிதிற் கிடைக்காத சுருதியில் ஒரு குழல். பார்வைக்கு இது கடைவீதிச் சிக்கலாகத் தோன்றுகிறது. உள்ளே புகுந்து நோக்கினால் அறத்தின் பாற்பட்ட வினா ஒன்று அங்கே காத்திருக்கிறது.

முதலில் நடுத்தர விலை என்பதையே பார்க்கலாம். நடு என்றால் எதற்கு நடு? கடைக்காரரின் அலமாரியில் பத்துப் பொருள் இருந்தால் ஐந்தாவது பொருள் நடுவாகிவிடும். ஆனால் அந்த அலமாரி வாங்குபவரின் வருவாயை அறியாது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக 2013இல் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்த வருவாயில் நடக்கும் இல்லத்துக்கும் இரு மருத்துவர்கள் வாழும் இல்லத்துக்கும் ஒரே நடுவிலை இருக்க இயலாது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதனை உணவைக் கொண்டு விளக்கினார். பத்துப் பங்கு மிகுதி, இரண்டு பங்கு குறைவு என்றால் கணக்குப்படி ஆறு நடுவாகும். அந்த ஆறு, மைலோ என்னும் மல்லனுக்குப் போதாது. புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கோ மிகை. எண்ணின் நடு வேறு, மனிதனைப் பொறுத்த நடு வேறு என்பது அவர் கருத்து.

குழலின் தரத்தில் நடு என்னும் சொல் தமிழிலும் பழையதே. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார், குழல் செய்தற்குரியனவாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தைக் கூறுகிறார். அவற்றுள் மூங்கிலை உத்தமம் என்றும் வெண்கலத்தை மத்திமம் என்றும் வகுக்கிறார். சந்தைக் கணக்கோடு இதனை ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். காட்டில் தானே வளரும் புல்லினம் முதலிடத்தில் நிற்கிறது; உருக்கி வார்க்க வேண்டிய உலோகம் இரண்டாம் இடத்தில் நிற்கிறது. விலையின் ஏணியும் தரத்தின் ஏணியும் ஒரே சுவரில் சாய்த்து வைக்கப்பட்டவை அல்ல.

மூங்கில் மலிவென்றால் நெகிரி செம்பிலானில் அதற்குப் பஞ்சமில்லையே என ஒருவர் கேட்கக்கூடும். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது லெமாங் வேகவைப்பதற்கான மூங்கில் சாலையோரங்களில் அடுக்கப்பட்டிருப்பதைக் காணாதார் இல்லை. ஆயினும் அரிசி வேகும் மூங்கிலெல்லாம் இசை பிறக்கும் மூங்கில் ஆகிவிடாது. கணுவுக்குக் கணு போதிய நீளம் வேண்டும். உள்விட்டம் சீராக இருத்தல் வேண்டும். வெடிக்காமல் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஐந்து கட்டைக் குழலைவிட மூன்று கட்டைக் குழல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீளமானது. நீளம் கூடினால் துளைகளின் இடைவெளியும் கூடும். விரல்கள் அகல வேண்டும். எனவே பலர் கேட்கும் கட்டைகளுக்கே குழல் செய்வோர் மூங்கிலைத் தேடி வைக்கின்றனர். சிலர் மட்டும் கேட்கும் கட்டைக்கு மூங்கில் தேடுவது தனி வேலை. அந்த வேலைக்குரிய கூலி விலையில் ஏறுவது நேர்மையே.

இங்கே வாங்குபவர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தென்னாட்டு முறையில் முதல் இரண்டு துளைகளை மூடினால் ஆதார சட்ஜம் பிறக்கும். வடநாட்டு முறையில் மூன்று துளைகளை மூட வேண்டும். வடநாட்டார் தங்கள் முறைப்படி மூன்று கட்டை எனக் குறித்து விற்கும் குழலை, கருநாடக இசை பயின்றவன் தன் விரலமைப்பில் ஊதினால் நான்கரைக் கட்டை ஒலிக்கும். குழலும் பொய் சொல்லவில்லை. விற்றவரும் பொய் சொல்லவில்லை. பணம் மட்டும் வீணாகும். எந்த விரலில் சட்ஜம் என்று கேளாமல் கட்டையை மட்டும் கேட்பது பாதிக் கேள்வியே ஆகும்.

பலர் கேட்கும் சுருதியில் நடுத்தர விலைக்குப் பத்துக் குழல்களை ஊதிப் பார்த்து ஒன்றைத் தெரியலாம். கீழ்த்தாயியிலும் மேல்தாயியிலும் ஒரே விரல் ஒரே சுரத்தைத் தூய்மையாகத் தருகிறதா, சுருதிப் பெட்டியோடு பஞ்சமம் இழைகிறதா, முனைகளில் நூல் கட்டு உறுதியாக உள்ளதா எனச் சோதிக்கலாம். அருகிய சுருதியில் பத்து இல்லை. பெரும்பாலும் ஒன்றுகூட இல்லை. அந்நிலையில் விற்பவர் வாயிலிருந்து இயல்பாக வெளிப்படக்கூடிய ஒரு சொல் உண்டு: “ஐந்து கட்டையே இருக்கட்டும் தம்பி; பாடுகிறவரைக் கொஞ்சம் ஏற்றிப் பாடச் சொன்னால் ஆயிற்று.”

இந்தச் சொல்லில் வஞ்சகம் ஏதும் இல்லை. கையிருப்பில் உள்ளதை விற்பது வணிகரின் இயல்பு. ஆனால் கட்டுரையின் வினா முழுவதும் இந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. மரத்தைவிட மனிதத் தொண்டை எளிதில் வளையும் என்பது அதன் உட்பொருள். மூங்கில் வளையாது, ஆகவே பாட்டி வளையட்டும். எழுபதைக் கடந்த ஒரு தொண்டை இரண்டு கட்டை ஏறிப் பாடினால் என்ன நேரும்? முதல் வாரம் மேற்சுரங்களில் குரல் கிறீச்சிடும். அடுத்த வாரம் அவ்வடிகளை இளையோர் பாடட்டும் என்று அவர் வாய் மூடுவார். சில வாரங்களில், இருமல் என்று சொல்லிப் பின்வரிசையில் அமர்வார். எவரும் அவரை விலக்கவில்லை, எவர்மீதும் குற்றமில்லை. குழல் இனிமையாக ஒலித்துக்கொண்டிருக்கும். பலருக்கும் பொருந்துவது என்னும் பெயரால் ஒருவர் ஓசையின்றி வெளியேறும் முறை இதுவே.

மறுபக்கத்தையும் எண்ணாமல் விடுவது முறையன்று. மலேசியத் தமிழ்ப் பள்ளி மாணவருக்குப் பொதுச் சுருதியின் தேவையை எவரும் விளக்க வேண்டியதில்லை. இசை வகுப்பில் முப்பது பிள்ளைகள் முப்பது ரெக்கார்டர்களை ஒருங்கே ஊதும்போது எல்லாம் ஒரே சுருதியில் இருப்பதால்தான் அது பாட்டாகிறது. அன்றேல் அது சந்தைக் கூச்சல். மேலைநாட்டில் இராபர்ட் கிளார்க் என்பவர் 1843இல் தகரக் குழல் செய்யத் தொடங்கினார். ஏழை எளியவர் கைக்கும் அது எட்டியது. ஐரிஷ் நாட்டுப்புற இசைக் குழுக்களில் அக்குழலுக்கு இரண்டு கட்டைக்கு இணையான சுருதியே பெருவழக்கு. அந்த ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் முன்பின் அறியாத கூட்டத்திலும் அமர்ந்து உடனே ஊதலாம். பொதுச் சுருதி என்பது அந்நியரையும் உறவாக்கும் வாயில். ஐந்து கட்டைக் குழல் அவ்விளைஞனுக்கு ஆசிரியரோடும் உடன்பயில்வோரோடும் போட்டி மேடையோடும் உறவைத் தருகிறது. மூன்று கட்டைக் குழலோ ஒரே ஒரு முதியவரின் குரலோடு அவனைக் கட்டுகிறது. அக்குரலும் நிலையானதன்று, அடுத்த ஆண்டு அது இரண்டரைக்கு இறங்கினால் வாங்கிய குழல் என்ன ஆகும்? பாட்டிக்குப் பின்னும் குழல் இருக்குமே. அப்போது அது யாருக்கு?

இவ்வினாக்கள் வலியவை. ஐந்து கட்டைக் குழலிலேயே தைவதத்தை ஆதாரமாகக் கொண்டு ஊதினால் மூன்று கட்டை கிடைக்குமே என்று இசையறிந்தோர் வழி கூறுவர். உண்மை. மத்திமத்தை ஆதாரமாக்கும் மத்திம சுருதி வழக்கில் உள்ளதே. எனினும் தைவதத்தை ஆதாரமாக்கினால் துளைகளை அரைகுறையாக மூடும் விரல்கள் பெருகும். கீழ்ச் சுரங்களுக்கு இடமின்றிப் போகும். கைதேர்ந்த வித்துவானுக்கு அது விளையாட்டு. இரண்டாண்டு மாணவனுக்கு அது பாட்டையே மறக்கச் செய்யும் தொல்லை.

வழக்கிலிருந்த சுருதியை மாற்றிக்கொண்டு வென்றவர்களை வரலாறு அறியும். குட்டையான, உச்சக் குரலுடைய திமிரி நாதசுரத்தினின்று நீண்ட பாரி நாதசுரத்துக்கு மாறியவர் டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). நரசிங்கம்பேட்டை ஆச்சாரி ஒருவரின் கைத்திறன் அவருக்குத் துணைநின்றது. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது பாரியே. வடக்கே பன்னாலால் கோஷ் (1911–1960) குழலைப் பெரிதாக்கி அதன் ஒலியை ஆழமாக்கினார், தெற்கே என். ரமணி (1934–2015) நீண்ட குழலைக் கருநாடகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் அரிதாயிருந்த சுருதி மற்றொரு காலத்தில் பொதுவாகிவிடுகிறது. ஆனால் பாரோய் இளைஞனுக்கு இவர்களை எடுத்துக்காட்டுவதில் ஒரு குறை உண்டு. அவர்கள் தங்கள் கலைக்காக மாறினர்; உலகம் அவர்களுக்காக மாறிக்கொண்டது. இவனோ மற்றொருவரின் மூச்சுக்காக மாற வேண்டியவன். இவனுக்காக எதுவும் மாறப்போவதில்லை.

அதனாலேயே இவன் தேர்வு எளிதன்று, மதிப்பும் குறைந்ததன்று. பக்கவாத்தியம் என்னும் சொல்லிலேயே அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. பாட்டு நடுவில், கருவி பக்கத்தில். வெள்ளிக்கிழமைக் கூட்டம் கூடுவது குழலைக் கேட்பதற்கன்று. அந்தக் குரல் தொடங்கினால்தான் மற்றவர் வாய் திறப்பர். அக்குரல் உள்ள நாள் வரையேனும் குழலே அதற்கு இணங்க வேண்டும் என்பதே இங்குப் பொருந்தும் முடிவு. போட்டி மேடைக்குரிய ஐந்து கட்டைக் குழல் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது எங்கும் போய்விடாது. இரண்டாவது குழலுக்கு ஆகும் செலவை ஆறு மாதம் தள்ளிப்போட்டுச் சேர்க்கலாம். பாட்டியின் குரலுக்கு அந்த ஆறு மாதம் உண்டா என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆனால் இம்முடிவை அவரிடம் கேளாமல் எடுப்பது சரியா? கேட்டால் என்ன விடை வரும் என்பது தோட்டத்து வாழ்வை அறிந்தவர்க்குத் தெரியும். “எனக்கு எதுக்கய்யா, நீ படிக்கிறதுக்கு எது வேணுமோ அத வாங்கு சாமி.” அந்தத் தலைமுறைப் பெண்கள் தமக்கென்று ஒன்றைக் கேட்டுப் பழகியவர்கள் அல்லர். அவ்விடையை அப்படியே ஏற்றால் அது கீழ்ப்படிதல் போலத் தோன்றும். உள்ளே வசதி ஒளிந்திருக்கும். மறுத்து நடந்தால் அன்பு போலத் தோன்றும். பெரியவர் சொல்லை மீறியதாகவும் ஆகும். இதற்கு ஒரு வழி, வேண்டுமா என்று கேளாமல் பாடச் சொல்வது. ஆர்மோனியத்தின் அருகே அமர்த்தி, ஏற்றாமல், இறக்காமல், காலையில் அடுப்படியில் தமக்குத் தாமே முணுமுணுப்பதுபோல ஒரு பாட்டைப் பாடச் சொன்னால் கட்டை தானே தெரிந்துவிடும். வாய் மறைத்ததைக் குரல் மறைக்காது. மூன்று என்று நினைத்தது இரண்டரையாக இருக்கவும் கூடும். காசைக் கொடுக்குமுன் அதை அறிவது நல்லது.

அதன்பின் செய்ய வேண்டியது கடிதத்தில் நான்கு வரி எழுதுவதே: எத்தனை கட்டை, எந்த விரலில் சட்ஜம், எட்டுத் துளை, எவ்வளவு விலைக்குள். தமிழ்நாட்டிலிருந்து குழல் வந்துசேரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை வெள்ளிதோறும் அவன் கையில் தாளம் மட்டும் இருக்கும். தாளம் தட்டிக்கொண்டே கேட்டிருப்பவனுக்கு, பாட்டி எந்த அடியின் நடுவில் மூச்சுக்குத் தயங்குகிறார், எந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்துப் பாடுகிறார், எங்கே கண்ணை மூடிக்கொண்டு நீட்டுகிறார் என்பதெல்லாம் தெரியவரும். குழல் கைக்கு வரும் நாளில், அவ்விடங்களில் தான் மூச்சு வாங்காமல் ஊதி நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.