ஒப்புதலும் உண்மையும்

பொந்தியானாக் கதைகளைக் கேட்டு வளரும் மலாக்காத் தோட்டப்புறச் சிறுவர்க்கு இரத்தக்காட்டேரி புதிய பொருளன்று. சப்பானிய நிறுவனமாகிய கொனாமி 1986-இல் தொடங்கிய ‘காசில்வேனியா’ என்னும் நிகழ்பட விளையாட்டு வரிசையும் அத்தகைய கதையே. டிராகுலாவின் கோட்டைக்குள் புகுந்து, சாட்டையால் பேய்களை வீழ்த்தி மேலேறுதலே அதன் போக்கு. தமிழாசிரியர் சிந்தனைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். 1997-இல் வெளிவந்த ‘சிம்பொனி ஆஃப் தி நைட்’ என்னும் பகுதியில் ஓர் அரிய அறக்கேள்வி இருக்கிறது.

அதில் டிராகுலாவின் மகன் அலுகார்ட், தந்தையின் கோட்டையை அழிக்கப் புறப்படுகிறான். அங்கே தலைவனாக நிற்பவனோ முன்பு அதே டிராகுலாவை வென்ற வீரன் ரிக்டர். “இக்கோட்டைக்கு நானே தலைவன்” என்பது அவன் வாய்மொழி. குற்றவாளியே ஒப்புக்கொண்ட பின் விசாரணை எதற்கு? ஆடுபவன் அவனைக் கொல்கிறான். கதையும் முடிகிறது. கோட்டை சரிகிறது, வென்றோம் என்னும் நிறைவோடு சிறுவன் உறங்கப் போகிறான்.

ஆயினும் அது பொய்யான முடிவு. பொன்மோதிரம், வெள்ளிமோதிரம் இரண்டையும் தேடிக் கண்டவனுக்கே மரியா என்னும் மங்கை ஒரு கண்ணாடியைத் தருகிறாள். அதனை அணிந்து நோக்கினால், ரிக்டரை ஆட்டுவிக்கும் பச்சை ஒளியுருண்டை புலனாகும். அதனைத் தாக்கினால் அவன் உயிர் பிழைப்பான். தலைகீழாக நிற்கும் இரண்டாவது கோட்டையும் அதன் பின்னரே திறக்கும். ஆட்டத்தின் ஏறத்தாழப் பாதி அங்கேதான் இருக்கிறது!

சிலப்பதிகாரம் கற்பிப்போர்க்குப் பாண்டியன் நினைவுக்கு வராமலிரான். கண்ணகியின் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காண எவ்வளவு நேரம் ஆயிற்று? அந்தச் சிறுபொழுதைக் கோவலனுக்கு அவன் அளிக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாண்டியன் கேட்டது பொற்கொல்லன் சொல். அலுகார்ட் கேட்பதோ குற்றம் சாட்டப்பட்டவனின் சொல்லே. ஆதலின் இவனுடைய பிழையை மன்னிப்பது எளிது, கண்டறிவதுதான் கடினம். பாண்டியனின் தவற்றைச் சொல்லக் கண்ணகி வந்தாள். தவறாக ஆடிய சிறுவனிடம் ஒருவரும் வருவதில்லை.

வகுப்பில் காணாமற்போன எழுதுகோல் ஒரு மாணவன் பையில் கிடக்கிறது. “நான்தான் எடுத்தேன், ஐயா” என்கிறான் அவன். அடுத்த வகுப்பில் அவனுடைய தம்பி தலைகுனிந்து அமர்ந்திருக்கிறான். பிரம்பு மேசைமேல் இருக்கிறது. மணியடிக்க இன்னும் ஐந்து நிமிடம்.