விறகு பிளக்கும் இயந்திரமும் விலை பேசும் மனமும்

கல்வராயன் மலையடிவாரத்தில் விறகு இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்குப் பின் எரிவாயு உருளை மலைச் சிற்றூர்களுக்கும் ஏறிச் சென்றிருக்கிறது. எனினும் உருளை தீர்ந்த நாளிலும், திருமணப் பந்தியிலும், விடுதிச் சமையற்கூடத்திலும் அடுப்பை எரிய வைப்பது விறகே. நமது பங்கின் மாணவர் விடுதியிலும் அவ்வாறே. புயலில் சாய்ந்த புளி, வேலியோரத்துச் சீமைக் கருவேல், ஆலய நிலத்துத் தைலமரம் எனக் கட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பிளப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

அண்மையில் நம்முன் ஒரு கேள்வி வந்து நின்றது. கள்ளக்குறிச்சியில் விறகுத் தொட்டி நடத்திய ஒருவர், தொழிலை மூடிவிட்டு, தம்மிடமிருந்த விறகு பிளக்கும் இயந்திரத்தை விற்க முன்வந்தார். புதியதன் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கேட்டார். வாங்கலாமா, வேண்டாமா? பங்குப் பேரவை இதனைக் கால்மணி நேரத்தில் முடித்துவிடும் என்று எண்ணினோம். மூன்று கூட்டங்கள் கடந்தன.

இயந்திரம் எளியதே. மோட்டார் எண்ணெயை அழுத்துகிறது. எண்ணெய் ஓர் இரும்புத் தண்டைத் தள்ளுகிறது. தண்டு கட்டையை ஆப்பின்மேல் நெருக்குகிறது. அடைபட்ட நீர்மத்தின்மேல் தரும் அழுத்தம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்று கண்டவர் பாஸ்கல். அவ்விதியைக் கொண்டு செய்த அழுத்த இயந்திரத்துக்கு ஜோசப் பிராமா 1795-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பாஸ்கல் பிறந்து நானூறு ஆண்டுகள் நிறைவுற்ற 2023 ஜூன் 19 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார். விறகு பிளக்கும் இயந்திரத்துக்குள் ஒரு கிறிஸ்தவச் சிந்தனையாளர் ஒளிந்திருக்கிறார் என்று பேரவையில் சொன்னோம். யாரும் வியக்கவில்லை. "எண்ணெய் ஒழுகுதா சாமி?" என்று கேட்டார் ஒருவர்.

ஒழுகியது. அதனை விற்பவரே சொன்னார். தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்ந்துவிட்டது என்றும், கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்புத் தகட்டை வேலை வேகத்துக்காகத் தாமே கழற்றிவிட்டதாகவும் ஒளிக்காமல் கூறினார். புனித தாமஸ் அக்குவினாஸ் 'சும்மா' என்னும் தமது பெருநூலில் விற்பவனின் கடமையை ஆராய்கிறார். (நூலின் பெயரைக் கேட்டுக் குருமடத்தில் நாம் சிரித்ததுண்டு, சும்மா எழுதப்பட்ட நூலன்று அது!) குதிரைக்கு ஒற்றைக் கண் என்பது பார்த்தவுடன் தெரிகிற குறை, அதற்கேற்ப விலையைக் குறைத்துவிட்டால் விற்பவன் அதனை வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறைந்திருந்து ஆபத்தோ நட்டமோ விளைக்கும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். நம்மிடம் விற்க வந்தவர் அந்நூலைப் படித்தவரல்லர். ஆயினும் அதன்படி நடந்தார்.

இனி நம் பக்கம். அவருக்குக் கடன் இருந்தது, மாத முடிவுக்குள் பணம் தேவை என்பதும் தெரிய வந்தது. "இன்னும் பத்து நாள் பொறுங்கள், பாதிக்குத் தருவார்" என்றார் பேரவையில் ஒருவர். அவர் தீயவரல்லர், ஆலயப் பணத்தைக் காக்க நினைத்தவர். வாங்கும்போது பொருளைப் பழித்துவிட்டு, அப்பால் போய்த் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளும் மனிதனை நீதிமொழிகள் நூல் (20:14) நன்கு அறிந்திருக்கிறது. அம்மனிதன் ஆலயத்துக்கும் வந்து போகிறவன்தான்.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டியிருந்தது. அடைப்பு தேய்ந்ததற்காக விலையைக் குறைப்பது நீதி. அக்குறை பொருளில் உள்ளது. விற்பவரின் நெருக்கடிக்காகக் குறைப்பது அவ்வாறானதன்று. அது பொருளில் இல்லை, அவர் வீட்டில் உள்ளது. வாங்குபவனுக்குப் பொருள் மிகவும் தேவைப்படுகிறது என்பதற்காக விற்பவன் விலையை ஏற்றலாகாது, அத்தேவை விற்பவனின் உடைமையன்றே என்று அக்குவினாஸ் வாதிடுகிறார். அதைத் திருப்பிப் போட்டால் நமக்கும் பொருந்தும். அவரது கடன் நம்முடைய உடைமையன்று. அதைக் கொண்டு நாம் இலாபம் எடுக்க இயலாது. திரிகைக் கல்லை அடகாக வாங்காதே என்னும் இணைச்சட்டக் கட்டளையும் (24:6) நினைவுக்கு வந்தது. தொழிற்கருவியை எடுப்பவன் உயிரை எடுக்கிறான். இவர் தொழிலை விட்டபின் விற்கிறார் என்று நாம் தேற்றிக்கொண்டோம். அத்தேற்றம் முழுதாகத் தேற்றவில்லை.

மூன்றாம் கூட்டத்தில்தான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எழுந்தது. கோடரிக்காரர் என்ன ஆவார்? மலையிலிருந்து ஒரு மலையாளிப் பழங்குடித் தம்பதியர் மாதம் இருமுறை இறங்கி வந்து எட்டு ஆண்டுகளாக நமக்கு விறகு பிளந்து தருகின்றனர். எடைக்குக் கூலி. கோடரி தெரிந்து வேலை இல்லாதவர் எங்கே போகிறார்கள் என்பதை நம் பகுதி அறியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழகத்திலிருந்து போனவர்களே. 1981-இல் வந்த மனித உழைப்பு பற்றிய சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தொழில்நுட்பம் மனிதனின் துணை என்று ஏற்றுக்கொள்கிறார். அதுவே வேலையைப் பறிக்கும்போது ஏறத்தாழப் பகையாகலாம் என்றும் கூறுகிறார்.

நாம் இரங்கிக்கொண்டிருந்தோமே தவிர, அவரிடம் கேட்கவில்லை. கேட்டபோது அவர் சிறிது நேரம் கட்டைக் குவியலைப் பார்த்தார். "முடிச்சு விழுந்த கட்டைய மிஷினுக்குக் குடுங்க சாமி. நேர்க்கட்டைய எனக்கு விடுங்க" என்றார். அவர் மனைவி குறுக்கிட்டார்: "தோள்பட்டை போயி ரெண்டு வருசமாச்சு. ராத்திரி படுக்க முடியல. அதச் சொல்லு."

இரண்டு ஆண்டுகள்! மரம் பிளப்பவனுக்கு மரத்தாலேயே இடர் உண்டு என்றும், மழுங்கிய இரும்புக்கு வலிமை மிகுதியாய்த் தேவை என்றும் சபை உரையாளர் (10:9–10) சொல்வதைக் குறித்து மறையுரை ஆற்றியிருக்கிறோம். முடிச்சுக் கட்டைக்கும் நேர்க்கட்டைக்கும் ஒரே எடைக்கூலி கொடுத்து வந்தோம் என்பது அப்பொழுது நமக்குத் தோன்றியதே இல்லை. மரத்தின் ஓட்டமறிந்து உளி வைக்கும் ஊர் இது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் மட்டும் கட்டையைத் தராசில் பார்த்தோம்.

அடைப்பு மாற்றும் செலவை மட்டும் கழித்து, அவர் கேட்ட விலைக்கே முன்பணம் கொடுத்தாயிற்று. காப்புத் தகடு பொருத்தப்படாமல் இயந்திரம் விடுதி வாசலுக்குள் வராது என்று சொல்லியிருக்கிறோம். கோடரியின் தலை கழன்று அயலான்மேல் விழுவதைக்கூட எண்ணிப் பார்த்தது இணைச்சட்டம் (19:5). அதை இயக்கப்போவது அவரும் அவர் மனைவியுமே. அதற்குரிய கூலி எடைக்கா, நாளுக்கா என்பது முடிவாகவில்லை. நாளுக்கு என்றால் ஆலயக் கணக்கில் துண்டு விழும் என்கிறார் பொருளாளர். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் பேரவை மீண்டும் கூடுகிறது. இம்முறை அத்தம்பதியரையும் வரச் சொல்லியிருக்கிறோம்.