நரகாசுரனும் நல்லெண்ணெயும்

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறோம். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன தீபாவளியைச் சொன்னேன். அசுரனும் இல்லை, வதையும் இல்லை. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் வகையைப் பௌத்த சங்கத்தார் கண்டறிந்து, சனங்கள் அதைத் தேய்த்து ஆற்றில் முழுகிய நாள் அது என்று. ஆறாவது படிக்கிற பொண்ணு எழுந்து கேட்டது: "ண்ணா, இது மெய்யாலுமே நடந்துச்சா? இல்ல, இதுவும் கதையா?"

அந்த 'இதுவும்' என்னைத் தூங்க விடவில்லை.

பண்டிதர் சித்த வைத்தியர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, 1914இல் சாகும்வரை சாமிகளையும் பண்டிகைகளையும் பௌத்தத்தின் சிதைந்த நினைவாகவே வாசித்தார். கார்த்திகை தீபம் ஆமணக்கெண்ணெய் கண்ட நாள். ஐம்பொறிகளை வென்ற புத்தரே இந்திரர். அவருக்கு முன்பே, 1873இல், புலே 'குலாம்கிரி'யில் அவதாரக் கதைகளை ஆரியப் படையெடுப்பின் கதையாகப் புரட்டிப் போட்டு, பலியைத் தம் மக்களின் ராசாவாக மீட்டார்.

நிரூபணம் எங்கே என்று நம்மிடம் கேட்கிறவர்கள் நரகாசுரனுக்கு நிரூபணம் கேட்டதில்லை. இது நியாயமான கோபந்தான். ஆனால் கேட்டது அவர்கள் இல்லையே, நம்ம வீட்டுப் பிள்ளை! இந்திரன் என்ற பெயர் புத்தருக்கு முந்தின ரிக் வேதத்திலேயே இருக்கிறது. பண்டிதரின் சொல்லாராய்ச்சி அங்கே நிற்காது. இதை மறைத்து, 'நம்ம பெரியவர் சொன்னார், நம்பு' என்று சொன்னால், புராணிகனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சாமியை மாற்றிவிட்டுப் பூசாரி வேலையை நாம் எடுத்துக்கொண்டதாகத்தானே ஆகும்?

அப்படியானால் பண்டிதரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. ஒரு கதை நம்மில் யாரையோ அசுரனாக்கி, அவன் சாவுக்கு நம்மையே பட்டாசு கொளுத்தச் சொல்கிறது. இன்னொன்று, செக்காட்டின கையையும் மருந்தரைத்த கையையும் நினைக்கச் சொல்கிறது. இரண்டும் நிரூபிக்கப்படாதவை என்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது. பண்டிகைக்குள் யாருடைய உழைப்பு புதைந்திருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார் அவர். விடை தோற்றாலும் அந்தக் கேள்வி தோற்கவில்லை.

தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948இல் எழுதிய நூலின் முன்னுரையில், சான்று அறுந்த இடங்களில் ஊகத்தைக் கொண்டு இணைத்திருப்பதை அம்பேத்கர் ஒளிக்கவில்லை. ஊகத்தை ஊகம் என்று சொல்வதில் அவமானம் இல்லை. சொல்லாமல் விட்டால்தான் அது புராணமாகிறது.

மறுவாரம் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: "நடந்துச்சுன்னு யாரும் நிரூபிக்கல கண்ணு. பண்டிதர் அப்படி யோசிச்சாரு. நரகாசுரன் கதையும் நிரூபிச்சது இல்ல. எது சரின்னு நீ படிச்சுத் தேடு."

"அப்போ ரெண்டையும் கேக்கலாமா?" என்றது.

கேட்கலாம். நம் பாட்டன்களுக்குக் கிடைக்காமல் போனதே அந்த உரிமைதான்.